குழல் ஏறும், கம்பி இறங்கும்: ஓபரா அரங்கின் பின்கட்டில் நடக்கும் சுருதி வேலை

போன தை மாதத்தில் ஒருநாள் காலை பத்தரை மணி இருக்கும். மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாமாவின் பட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மாமா நாற்பது வருடமாக நாடகக்காரர்களுக்கு ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். அவருடைய மகன் ஜெர்மனியில் ஒரு நகரத்து ஓபரா அரங்கில், வாத்தியங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறான். அவனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே அப்போது காலை ஆறு மணி. ஒரு பழைய கால் ஆர்மோனியத்தின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான்.

“அப்பா, நடு ஸ்தாயில மூணு கட்டை அழுத்துனா லேட்டாப் பேசுது. ரீடைக் கழட்டிச் சொரண்டவா?”

“ரீடுல கை வைக்காதடா. மொதல்ல தோலைப் பாரு. ஹீட்டர் போட்டுப் போட்டுக் காஞ்சு வெறச்சிருக்கும்.”

அப்படித்தான் இருந்தது. கட்டையை அழுத்தும்போது காற்றுக்கு வழிவிடும் சிறு வாய்களை மூடியிருக்கும் தோல், பனிக்காலம் முழுக்கச் சூடேற்றிய கட்டடத்தின் வறண்ட காற்றில் விறைத்துப்போயிருந்தது. ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கு. அதைச் சுரண்டினால் சுரண்டியதுதான், எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அதனால்தான் மாமா கடைசியாகத்தான் அங்கே கை வைப்பார்.

ஓபராவில் ஆர்மோனியத்துக்கு என்ன வேலை என்று அப்புறம் கேட்டேன். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசையமைத்த ‘அரியாட்னே அவுஃப் நாக்ஸோஸ்’ என்ற ஓபராவை எடுத்திருக்கிறார்களாம். இன்று எல்லோரும் நடத்துவது 1916-இல் வியன்னாவில் மேடையேறிய வடிவம். ஸ்ட்ராஸ் வழக்கமாகக் கேட்கும் பெரும்படை இதில் கிடையாது. 40 பேருக்கும் குறைவான சிறு குழு. அதற்குள் ஒரு பியானோ, மணி போல ஒலிக்கும் ஒரு செலஸ்டா, இரண்டு ஹார்ப், கூடவே ஒரு ஆர்மோனியம். மதுரையில் வள்ளி திருமணத்துக்கு மிதிக்கும் அதே சாதிப் பெட்டி. ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. அங்கே அது மிகவும் அருகிப்போனதால், பழுது என்று வந்தால் கைபழகிய ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு ஓபராவில் வேலை என்றால் பாடகர் என்றோ வயலின்காரர் என்றோதான் நினைப்போம். மேடையிலும் தெரியாமல், மேடைக்கு முன்னால் வாத்தியக்குழு உட்காரும் பள்ளத்திலும் தெரியாமல் வாத்தியங்களோடு மட்டும் பழகும் ஒரு கூட்டம் அங்கே உண்டு. அவர்கள் என்ன செய்கிறார்கள், அந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதை நம்மூர் நாடக மேடையை வைத்தே விளக்கிவிடலாம். மதுரை ஆட்களுக்கு அது சுலபமாகப் புரியும்.

ஓபரா என்பது பாட்டாலேயே கதையை நடத்தும் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நெறிப்படுத்திக் கொடுத்த ஸ்பெஷல் நாடகத்துக்கும் அதற்கும் சொந்தம் சொல்லலாம். இரண்டிலும் ராஜபார்ட் பாடித்தான் காதல் சொல்வார், பாடித்தான் சண்டை போடுவார். ஆனால் நடைமுறை நேர் எதிர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரையும் வாத்தியக்காரரையும் தனித்தனியாக ‘ஸ்பெஷலாக’ப் பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் வருவார், மதுரையிலிருந்து ஒருவர் வருவார், ராத்திரி பத்து மணிக்கு மேடையில் சந்திப்பார்கள். அத்தனை பேரையும் ஒரே சுருதியில் கட்டிவைப்பது ஆர்மோனியமும் அதை வாசிக்கும் பின்பாட்டுக்காரரும்தான். “எத்தனை கட்டைண்ணே?” என்ற ஒரு கேள்வியில் காரியம் முடிந்துவிடும்.

அந்தக் கட்டைக் கணக்கே ஆர்மோனியத்தில் இருந்து வந்ததுதான். வெள்ளைக் கட்டைகள் முழு எண், கறுப்புக் கட்டைகள் அரை. மேலைநாட்டார் சி என்பது நமக்கு ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை, அதற்கு அடுத்த கறுப்பு ஐந்தரை. அவர்கள் சுருதி சேர்க்கும் ‘ஏ’ நமக்கு ஆறு கட்டை. ஓபராவின் வாத்தியக்குழு தொடங்குமுன் ஓபோ என்ற குழல் ஒரு நீண்ட ஒலி கொடுக்க, மற்றவர்கள் அதோடு சேர்வார்கள். அந்த ஒலிதான் ஆறு கட்டை.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆறு கட்டை எவ்வளவு உயரம் என்பதில் ஐரோப்பா பல காலம் சண்டை போட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் வேறு, ஆண்டுக்கு ஆண்டு ஏற்றம். வாத்தியம் பளபளப்பாகக் கேட்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள், பாடுகிறவர்களின் தொண்டை கிழியும். பிரான்ஸ் அரசு ஒரு குழு போட்டு 1859-இல் 435 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 435 அதிர்வு, என்று சட்டமே கொண்டுவந்தது. அந்தக் குழுவில் ரோசினி, பெர்லியோஸ் போன்ற இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். ஓபரா இசையமைப்பாளர் வெர்டி 432 போதும் என்று வாதாடினார். 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. இன்றைக்கும் வியன்னாவில் 443-இல்தான் வாசிக்கிறார்கள். 435-க்கும் 443-க்கும் எட்டுதான் வித்தியாசம் என்று தோன்றும். காதுக்கு அது அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரு பழைய ஆர்மோனியத்தை 435-இல் விட்டுவிட்டு 443 வயலின்களுக்கு நடுவே வைத்தால் பல் கூசும். வயலினை ஒரு நொடியில் ஏற்றலாம். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ரீடாக நுனி சுரண்ட வேண்டும், நாள்கணக்கில் வேலை.

சரி, ஒருமுறை சேர்த்துவிட்டால் போதுமே, தினமும் என்ன வேலை? இங்கேதான் காற்றும் சூடும் வருகின்றன.

குழல் வாத்தியத்தில் ஒலி எழுப்புவது உள்ளே இருக்கும் காற்று. காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்று முழுக்க 10 டிகிரி சூடேறினால் 440 என்பது 447-ஐத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் வீதியில் வாசிக்கும் நாகஸ்வரம் ஏறுவது இதனால்தான். ஆனால் அதே சூட்டில் கம்பி நீளும், இழுவிசை குறையும், சுருதி இறங்கும். ஆக, ஒரே அரங்கில், ஒரே விளக்குச் சூட்டில், குழல் மேலே போகும், கம்பி கீழே போகும். தோல் ஈரத்தையும் வெப்பத்தையும் பார்த்து இரண்டு பக்கமும் போகும். ஆர்மோனிய ரீடு இவற்றில் அதிகம் அசையாதது, எனவே மற்றவர்கள் நகர நகர அது தனியாக நிற்கும். இந்த நால்வரையும் ஒரு ராத்திரி முழுக்க ஒன்றாக வைத்திருப்பதுதான் பின்கட்டு ஆட்களின் உத்தியோகம்.

பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுவை 20 டன்னை எட்டும். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம். ஆனால் கம்பியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஓபரா அரங்கில் ஒரு பியானோ மட்டும் இருக்காது. பாடகர்கள் பாடம் பண்ணும் அறைக்கு அறை ஒன்று, ஒத்திகைக் கூடத்தில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. பத்து மணிக்கு ஒத்திகை தொடங்கும் என்றால் அதற்குமுன் எல்லாம் சேர்த்திருக்க வேண்டும். மாமா மகன் விடியற்காலையில் வேலைக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடையில் தச்சர்கள் சுத்தியலோடு வந்துவிட்டால் காது எதற்கும் உதவாது. “மாப்ள, இங்க எனக்குக் கஷ்டமான வேல சுருதி சேக்குறது இல்ல. அரைமணி நேரம் அமைதி வாங்குறதுதான்,” என்று ஒருமுறை சொன்னான்.

மோட்சார்ட் காலத்து ஓபராக்களுக்கு, பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் என்ற கட்டை வாத்தியம் வேண்டும். மெல்லிய கம்பி, மெல்லிய மரச்சட்டம். காட்சிக்கு முன் சேர்த்து, இடைவேளையில் மறுபடி சேர்ப்பார்கள். ஜனங்கள் காபி குடிக்கப் போகும் இருபது நிமிடத்தில், விளக்கு குறைந்த பள்ளத்தில் ஒருவர் குனிந்து திருகிக்கொண்டிருப்பார். நம் நாடகத்தில் பஃபூன் காமிக் முடிந்து ராஜபார்ட் வருவதற்குள், மிருதங்கக்காரர் கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைத் தட்டிக்கொள்வாரே, அந்த வேலைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் பனி இறங்கும்போது வலது முகமான வலந்தலை தளரும். இடது முகமான தொப்பியில் அப்பிய ரவை காயும். கவனித்தவர்களுக்குத் தெரியும்.

தோல் என்றதும் வியன்னாவைச் சொல்லாமல் விட முடியாது. உலகத்தில் பெரும்பாலான குழுக்கள் டிம்பனி என்ற பெரிய முரசுகளுக்கு பிளாஸ்டிக் மேல்படலத்தையோ கன்றுத்தோலையோ போடுகின்றன. வியன்னாவில் மட்டும் விடாமல் ஆட்டுத்தோல். பிளாஸ்டிக் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, வேலை மிச்சம். இருந்தும் ஆட்டுத்தோலின் குரல் வேண்டும் என்று அந்தத் தொல்லையைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் தப்பைத் தீயில் வாட்டி நாதம் ஏற்றுகிறவர் வியன்னாக்காரர் சொல்வதை உடனே புரிந்துகொள்வார்.

அடுத்து நாற்காலி. வாத்தியத்தோடு நாற்காலிக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். ஜெர்மன் பேசும் நாடுகளின் பெரிய அரங்குகளில் இன்று ஒரு ஓபரா, நாளை வேறு ஒன்று என்று மாறி மாறி நடக்கும். வியன்னா அரசு ஓபராவில் பருவத்துக்கு 300 இரவுகளுக்கு மேல் நிகழ்ச்சி. காலையில் ஒன்றின் ஒத்திகை, மாலையில் இன்னொன்றின் நிகழ்ச்சி. காலையில் 40 பேர் உட்கார்ந்த பள்ளத்தில் மாலையில் 100 பேர் உட்கார வேண்டும். ‘ஓர்கெஸ்டர்வார்ட்’ என்று ஒரு பதவியே அங்கே இருக்கிறது. யார் எங்கே, யாருக்கு எந்த உயர நாற்காலி, எந்த வாத்தியம் எந்த வழியாக இறங்கும், எல்லாம் அவர் பொறுப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ‘ரைன்கோல்ட்’ ஓபராவுக்கு ஆறு ஹார்ப் கேட்டிருக்கிறார். ஒரு ஹார்ப்புக்கு 47 கம்பி. ஆறுக்கும் சேர்த்து 282 கம்பியை, வாசல் காற்று படாமல், ஒன்றோடொன்று இடிக்காமல் கீழே இறக்க வேண்டும். கம்பி சேர்ப்பது ஹார்ப் வாசிப்பவரின் வேலை. அவர் வரும்போது வாத்தியம் அந்த இடத்தின் சூட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பது இவர்களுடைய வேலை.

இடம் குறைந்தால் ஆபத்தும் உண்டு. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஓபரா ஒன்றின் ஒத்திகையின்போது, பித்தளை ஊதுகுழல்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் கலைஞருக்குக் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2018-இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. யாரை யாருக்கு முன்னால் உட்காரவைப்பது என்பது வெறும் இடவசதி விஷயம் அல்ல என்று அதன்பிறகு எல்லா அரங்குகளும் யோசிக்க வேண்டியதாயிற்று. நாடக மேடையில் நம்மூர் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தாளக்காரரின் காதை இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, மேடைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒலிக்கும் வாத்தியங்கள். மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791 செப்டம்பர் 30-இல் வியன்னாவில் அரங்கேறியது. அதில் பப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் கையில் மந்திர மணி இருக்கும். அது பொம்மை. நிஜ மணி வாத்தியம் வேறு இடத்தில் ஒலிக்கும். ஒரு மாலை மோட்சார்ட்டே பின்னால் போய் அதை வாசித்தார். பப்பகேனோவாக நடித்த ஷிக்கனேடர் மணியைத் தொடாமல் நின்ற இடத்தில் வேண்டுமென்றே ஒலித்தார். அடுத்த இடத்தில் நடிகர் எதிர்பார்த்து நிற்க, இவர் வாசிக்கவில்லை. ஷிக்கனேடர் மணியைத் தட்டி “வாயை மூடு” என்று சொல்ல, அரங்கம் சிரித்தது. இதை மோட்சார்ட் தன் மனைவிக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். வள்ளி திருமணத்தில் நாரதர் கையில் தம்பூராவைப் பிடித்துப் பாட, சுருதி கொடுப்பது ஓரத்தில் இருக்கும் பெட்டிதானே! மேடை என்று ஒன்று இருந்தால் இப்படித்தான்.

புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபரா 1900-இல் ரோமில் வந்தது. மூன்றாம் அங்கத்தில் ரோம் நகரம் விடிகிறது, ஊரிலுள்ள தேவாலய மணிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. புனித பேதுரு ஆலயத்துப் பெரிய மணியின் சுருதி என்ன என்று புச்சினி விசாரித்து எழுதினார். ‘ஈ’ என்று பதில் வந்தது. நம் கணக்கில் மூன்று கட்டை, தாழ்ந்த ஸ்தாயி. சில மணி அருகில், சில தூரத்தில் கேட்க வேண்டும் என்பதால் மேடைக்குப் பின்னால் பல இடங்களில் ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு வாத்தியக்குழுவை நடத்துபவர் தெரியமாட்டார். சிறு திரையில் அவருடைய கை மட்டும் தெரியும். ஆனால் 34 மீட்டர் தள்ளி அடித்த மணி பள்ளத்தை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கையைப் பார்த்து அடித்தால் தாமதம்தான். அதனால் கொஞ்சம் முந்தி அடிக்கப் பழக வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் மணி நான்கு மாசி வீதிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை என்பதை யோசித்தால் விளங்கும்.

‘ரைன்கோல்ட்’டில் பூமிக்கு அடியில் குள்ளர்கள் இரும்படிக்கும் காட்சி. அதற்கு 18 பட்டடைகள், கொல்லர் இரும்பை வைத்து அடிப்பாரே, அவை. எல்லாம் ‘எஃப்’, அதாவது நாலு கட்டை, மூன்று ஸ்தாயியில். பட்டடைக்கு முறுக்காணி கிடையாது. கிடைத்த சுருதிதான். அதனால் பொருத்தமான இரும்பைத் தேடி எடுத்து, பூட்டி வைத்துக் காக்க வேண்டும். தண்டவாளத் துண்டைப் பயன்படுத்துவதும் உண்டு. நம் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியதே, அதேதான். நம்மிடம் இதற்குச் சரியான ஜோடி மானாமதுரைக் கடம். மண்ணைத் தட்டி வனைந்து சூளையில் வைத்த பிறகு சுருதியை மாற்ற முடியாது. கலைஞர் பல கடங்களைத் தட்டிப் பார்த்துத் தன் கட்டைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பார். இரண்டு கட்டைக்கு ஒன்று, ஐந்தரைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார். உடைந்தால் மறுபடி மானாமதுரைக்குத்தான் வர வேண்டும்.

வாக்னரின் ‘பார்சிஃபால்’ (1882) இதைவிடப் பெரிய தலைவலி. நான்கே ஸ்வரம் உள்ள கோயில் மணி. ஒரு கட்டையை ஆதாரமாக வைத்தால் ச, ப, த, க. ஆனால் அவ்வளவு தாழ்ந்த ஸ்தாயிக்கு நிஜ மணி வார்த்தால் பல டன் எடை வரும், மேடையில் தொங்கவிட முடியாது. பய்ராய்ட் நகரத்துப் பியானோ தயாரிப்பாளர் ஸ்டைன்கிரேபர் பியானோ போலக் கம்பி கட்டி, சுத்தியால் அடிக்கும் தனி வாத்தியம் ஒன்றைச் செய்து கொடுத்தார். நாலு ஸ்வரத்துக்காக ஒரு வாத்தியம்!

இதையெல்லாம் செய்யும் ஆட்கள் எங்கே படிக்கிறார்கள்? ஜெர்மனியில் பியானோ கட்டுவதும் ஆர்கன் கட்டுவதும் மூன்றரை ஆண்டு தொழிற்கல்வி. பெரும்பாலான நாள் பட்டறையில், மீதி லுட்விக்ஸ்பர்க் நகரத்துப் பள்ளியில். வயலின் செய்ய மிட்டன்வால்டில் 1858-இல் இருந்து ஒரு பள்ளி நடக்கிறது. மாமா மகன் சென்னையில் ஒரு பியானோ கடையில் சேர்ந்து, ஜெர்மன் கற்றுக்கொண்டு, அந்த வழியாகத்தான் போனான். நேர்முகத்தில் அவனிடம் சான்றிதழைவிட அதிகம் கேட்டது, சின்ன வயதிலிருந்து ரீடு சுரண்டிய கதையைத்தான்.

மாமாவுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லை, பதவியும் இல்லை. அங்கே சுருதி சேர்ப்பவருக்கு மாதச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம். அரங்கின் செலவுக் கணக்கில் அது ஒரு வரி. இங்கே நாடக நோட்டீஸில் நடிகர்கள் படம் இருக்கும், பெட்டிக்காரர் பெயர் இருக்கும், மைக் செட்டுக்காரர் பெயரும் இருக்கும். பெட்டியைப் பேசவைத்தவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. பழுதுக்கான காசு, பின்பாட்டுக்காரர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலை குவியும், மழைக்காலத்தில் பட்டறை சும்மா கிடக்கும். இளைஞர்கள் யாரும் பழக வருவதில்லை. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியும் கீபோர்டும் வந்த பிறகு, கால் பெட்டி மிதிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கோயில் கமிட்டிகளும் நடிகர் சங்கங்களும் சேர்ந்து ஊருக்கு ஒரு பெட்டிக்கு ஆண்டுப் பராமரிப்பு என்று ஒரு சிறு தொகை ஒதுக்கினாலே இந்தக் கைவேலை அழியாமல் நிலைத்து நிற்கும் என்று நம்புகிறேன். பெரிய தொகை தேவைப்படாது. ஒரு ராத்திரி வாணவேடிக்கைச் செலவில் மிச்சம் பிடிக்கலாம்.

மாசி கடைசியில் அவன் ஒத்திகையில் எடுத்த ஒரு நிமிடத் துண்டை அனுப்பினான். மாமா அப்போது மேலூர்ப் பக்கத்து நாடகம் ஒன்றுக்குப் போக வேண்டிய பெட்டியின் துருத்தியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு போனைக் காதோடு வைத்துக் கேட்டார். எனக்குப் பாடகியின் குரலும் வயலின்களும்தான் கேட்டன. ஆர்மோனியம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்றாம் முறை போட்டபோது மாமா விரலை உயர்த்தினார்.

“அந்தா, இப்பப் பேசுது பாரு. ஆனா அந்த ரெண்டாவது கட்டை இன்னும் லேசா இழுக்குது. தோலை மறுபடி பாக்கச் சொல்லு.”